தூரம்னு நினைச்ச ரத்தம்

மட்டாஞ்சேரியில ஒரு சுக்கு குடோன்ல தரையில உக்காந்து தரம் பிரிக்கிறது என் வேலை. மாசாமாசம் வர்ற தூரம் நின்னு எனக்கு ரெண்டு வருசம் ஆச்சு. விட்டுது சனியன்னு நிம்மதியா இருந்தேன். மகளுக்கு வளைகாப்புக்கு நாலு நாள் இருக்கு, கக்கூஸ்ல பாக்குறேன், பளிச்சுன்னு சிவப்பா ரத்தம். வலியும் இல்ல. எனக்கு ஒரு எழவும் புரியல.

நின்னது திரும்ப வருமா? யாருகிட்டப் போய் கேக்க? மறுநாள் காணோம். அப்பாடான்னு இருந்தா, அதுக்கு மறுநாள் மறுபடியும். தூரம் இப்படியா விட்டு விட்டு வரும்? பின்பக்கம் ஒரே அரிப்பு வேற. கழுவும்போது பட்டாணி மாதிரி ஏதோ தட்டுப்படுது. அது சூட்டுக் கட்டி, இது தூரம்னு நானே முடிவு கட்டிட்டேன். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

வளைகாப்பு அன்னைக்குக் காலையிலயும் ரத்தம் பட்டுச்சு. முதல் வளையலைப் பெத்தவ போடணும்ங்கிறது எங்க வழக்கம். தீட்டோட தொட்டு, வயித்துப் பிள்ளைக்கு ஏதாவது ஆயிட்டா? பயந்துபோய் வாசல்லயே நின்னுட்டேன். என் நாத்தனார்தான் போட்டா. மக என்னையே பாத்தா. ‘ஏம்மா?’ன்னு உதட்டை மட்டும் அசைச்சா. நான் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன்.

அடுத்த வாரம் ரத்தம் சொட்டுச் சொட்டா விழுந்துச்சு. புத்துநோயோன்னு பதறி எர்ணாகுளத்துல ஒரு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டரம்மா நல்லாப் பரிசோதிச்சுட்டு, “சேச்சி, இது முன்னாடி இருந்து வரல, பின்னாடி. மூலக்குரு, அதான் மூலம். மலம் இறுகி முக்கி முக்கிப் போனா அங்க உள்ள ரத்தக்குழாய் வீங்கிடும். தண்ணி குடிக்கிறீங்களா?”ன்னு கேட்டா.

“எங்க டாக்டர் குடிக்க? குடோன் கக்கூஸ்ல தாழ்ப்பாளே கிடையாது. காலையில ஒரு சாயா குடிச்சா, சாயங்காலம் வரைக்கும் நாங்க பொம்பளைங்க தண்ணியைத் தொடமாட்டோம். வந்தாலும் அடக்கிக்குவோம்.”

அவ தலையை ஆட்டிக்கிட்டே மருந்து எழுதினா. வேற எதுவும் இல்லைன்னு உறுதியாக்க ஒரு டெஸ்டும் எழுதினா.

“அப்ப இது தீட்டு இல்லையா டாக்டர்?”

“மூலத்துக்கு ஏது சேச்சி தீட்டு?” அவ சிரிச்சுட்டா.

“அப்படின்னா அன்னைக்கு நான் வளையல் போட்டிருக்கலாம்ல?”

பேனாவை வச்சுட்டு அவ என்னைப் பாத்தா. “எந்த வளையல்?”