பச்சை விளக்கு மாப்பிள்ளை

என் மூத்த மாப்பிள்ளை பதினெட்டு வருடம் படித்தவர். நான் நாலாங்கிளாஸ். அவர் படித்து முடித்தபோது மூன்று பாய்லர், நாற்பது ஆட்கள் கொண்ட சலவை ஆலைக்கு நான் முதலாளி. கரி அள்ளிப் போட்டு உரமேறிய கை இது.

அவருடைய வேலை, பாய்லரின் நீராவி அழுத்தத்தை அளக்கும், தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் சென்சார் செய்வது. தீப்பெட்டி அளவுதான். உள்ளே இருக்கும் சிப்பில் ஒரு பகுதி செத்தால் இன்னொரு பகுதி அந்த வேலையை எடுத்துக்கொள்ளுமாம். கம்ப்யூட்டரில் தட்டினால் உள்ளிணைப்பையே மாற்றலாமாம். ஆறு வருடமாக இதையே உருட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் கம்பெனி கெடு வைத்தது. ஏதாவது ஒரு ஆலை ஓட்டிப் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட வேண்டும்; இல்லாவிட்டால் அவர் பிரிவுக்கே பூட்டு. யாரும் சீண்டவில்லை. அப்போதுதான் மாமனார் ஞாபகம் வந்தது.

சட்டையில் கரி படாமல் என் பாய்லரில் அதை மாட்டினார். பச்சை விளக்கு எரிந்தது; எல்லாம் சரி என்று அர்த்தமாம். பாய்லருக்குக் கரி போடும் ஃபயர்மேன் தீ மூட்டினார். அழுத்தம் ஏறி, என் பழைய முள் மீட்டர் நாலைத் தொட்டது. மாப்பிள்ளையின் திரையில் பூஜ்யம். பச்சை மட்டும் ஜம்மென்று எரிந்தது.

"உங்க மீட்டர் பழசு மாமா. இது தன்னையே டெஸ்ட் பண்ணிக்கும், தப்பா காட்டாது."

"கேள்வி கேட்டதும் அதுதான், பதில் எழுதினதும் அதுதான், மார்க் போட்டதும் அதுதானா மாப்பிள்ளே?"

ஃபயர்மேன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். சென்சாருக்குப் போகும் குழாயில் இருந்த சின்ன வால்வைத் திருப்பினேன். திரை நாலுக்குத் தாவியது. மாட்டும்போது மூடியவர் திறக்க மறந்திருந்தார். அந்தப் பெட்டி தன் உடம்பை மட்டும் தடவிப் பார்த்துக்கொண்டு, பக்கத்தில் கொதிப்பதை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. செய்தவரைப் போலவே.

கையெழுத்து கிடையாது என்றேன்.

"ஒரு மணி நேரம் குடுங்க மாமா."

வெள்ளைச் சட்டையோடு கரித்தரையிலேயே உட்கார்ந்தார். ஒரு திருகைக்கூடக் கழற்றாமல், மடியில் கம்ப்யூட்டரை வைத்துத் தட்டியே சிப்பின் உள்ளிணைப்பை மாற்றினார். ஓடுகிற பாய்லரில் அழுத்தம் சதா ஏறி இறங்கும். அது அசையாமல் நின்றால் பச்சை எரியக் கூடாது. அவ்வளவுதான் விஷயம். அதையும் நான்தான் சொன்னேன்.

அவர் பார்க்காதபோது வால்வை மூடினேன். ஒரு நிமிஷத்தில் சிவப்பு எரிந்தது. திரையில், 'வால்வைப் பார்'.

கையெழுத்துப் போட்டேன். இப்போது நாலைந்து ஆலைகள் அதை வாங்குகின்றன. பெட்டியின் மேல் அவர் பெயரைப் பொறித்திருக்கிறார்கள். பதினெட்டு வருடம் படித்தும் ஒரு வால்வைத் திறக்கத் தெரியவில்லை என்பதை எங்கும் பொறிக்கவில்லை. அதனால்தான் நான் எழுதி வைக்கிறேன்.