டைனமோவில் படுத்த பூனை

மோட்டார் வைண்டிங் கடையைக் கண்டால் நான் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவேன். செம்புக் கம்பியின் மேல் வார்னிஷ் சூடேறி வரும் அந்த வாசம், இனிப்பும் கருகலுமாக, தொண்டைக்கு அடியில் வந்து உட்கார்ந்துகொள்ளும். மற்றவர்களுக்கு அது ஒரு கடையின் வாசம். எனக்கு அது மார்கழி விடிகாலை, திருச்சுழியில் எங்கள் தகரக் கொட்டகை, கார்ச் சாவியைத் திருப்பப் போகும் என் கை.

எண்பதுகளின் கடைசி அது. மிளகாய் வத்தலும் மல்லியும் வாங்கி விற்கும் வீடு எங்களுடையது. கார் வைத்துக்கொள்ளும் வசதியெல்லாம் கிடையாது. பயம் இருந்தது, அதற்காக வாங்கினோம். என் மனைவியின் முதல் பிரசவத்தில் வாடகைக் காருக்கு ஆள் அனுப்பிவிட்டு வாசலிலேயே நின்றோம். கார் தாமதமாகத்தான் வந்தது. அருப்புக்கோட்டை ஆசுபத்திரிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தோம். பிள்ளை உயிரோடு வந்து சேரவில்லை. அவள் மறுபடி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த மாதத்தில், பல கை மாறிய சாம்பல் நிறக் கார் ஒன்று எங்கள் வத்தல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

நின்றது என்பதுதான் சரியான சொல். சில விடியல்களில் சாவியைத் திருப்பியதும் உறுமிக்கொண்டு எழும். சில விடியல்களில் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். டேஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு உண்டு. சாவி போட்டதும் அது பளிச்சென்று எரிய வேண்டும், என்ஜின் ஓடியதும் அணைய வேண்டும். செத்த நாட்களில் அது உறக்கம் கெட்டவன் கண்போல மங்கிச் சிவந்து கிடக்கும். எந்த நாள் எழும், எந்த நாள் எழாது என்று தெரியவில்லை. தினமும் எழாத காராக இருந்தால் விற்றுத் தொலைத்திருப்பேன்.

"தெனமும் என்னையப் பாக்குறதுக்கு முன்னாடி அதைப் போயிப் பாக்குறீக," என்பாள் அவள். "முழுகாம இருக்கறது அதுவா, நானா?"

நான் சிரிப்பேன். சிரித்துக்கொண்டே மறுபடியும் சாவியைத் திருப்புவேன்.

அருப்புக்கோட்டையில் பட்டறை வைத்திருந்தவன் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். ஃபேன் பெல்ட்டைக் கட்டை விரலால் அழுத்தினான், தொய்வு இல்லை. பேட்டரிக்குக் கரண்டு கொடுக்கும் டைனமோவைக் கழற்றித் தேய்ந்த கார்பன் கட்டைகளை மாற்றினான். பேட்டரியைக் கடையில் போட்டு முழுக்க சார்ஜ் ஏற்றினோம். முனைகளில் பூத்திருந்த வெள்ளைப் பொடியைச் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவினோம். என்ஜினை ஓடவிட்டுக் காதைச் சாய்த்துக்கொண்டு நின்றான்.

"டைனமோ நல்லாக் குடுக்குதுலே. வெளக்கும் ஒழுங்கா அணையுது. குடுக்கறத எவன் திங்கிறான்னுதான் தெரியல."

திரும்பும் வழியெல்லாம் இருபக்கமும் சீமைக்கருவேல். வெயில் ஒரு மரத்திலும் தங்காமல் தார் ரோட்டில் படுத்திருந்தது. கார் சீராக ஓடியது. அந்தச் சீர்தான் என்னைப் பயமுறுத்தியது. நாளைக்கு என்ன செய்வதாக இருக்கிறாய் என்று அதனிடம் கேட்கத் தோன்றியது.

இதற்குள் என் அம்மா வேறொன்றைக் கண்டுபிடித்திருந்தாள். கொட்டகையில் எலிக்காக ஒரு பூனை வளர்ந்தது. சில காலைகளில் அது காரின் மூக்குக்கு அடியிலிருந்து இறங்கி, சோம்பல் முறித்து, எனக்குக் குறுக்காக நடந்து போகும்.

"நீ வேணாப் பாருப்பா. அது வெளிய வர்ற அன்னைக்கு வண்டி கெளம்பாது."

பார்த்தேன். அம்மா சொன்னது உண்மையாக இருந்தது. பூனை வராத நாளில் கார் எழுந்தது. வந்த நாளில் 'டக்'. நான் சகுனம் பார்க்கிறவன் இல்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன். இரண்டே வாரத்தில் பொழுது சாய்ந்ததும் கம்பை எடுத்துக்கொண்டு பூனையை விரட்டுகிறவன் ஆனேன். அது வேலி தாண்டிப் போகும். விடிந்தால் காருக்கு அடியிலிருந்து இறங்கி வரும். முதல் பிள்ளைக்குப் புறப்பட்ட அன்றும் ஏதோ குறுக்கே போனதாக அம்மா முணுமுணுத்தாள்.

வாசல் தெளித்துக்கொண்டிருந்த என் மனைவி ஒரு காலையில் வாளியை வைத்துவிட்டு வந்தாள். பூனை அப்போதுதான் இறங்கிப் போயிருந்தது.

"அது சும்மாவா அங்க ஏறுது? பானட்டத் தொறங்க."

திறந்தேன். இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு அவள் எட்டிப் பார்த்தாள். பூனை முடி ஒட்டியிருந்த இடத்தில் புறங்கையை வைத்தவள் சட்டென்று எடுத்தாள்.

"தொட்டுப் பாருங்க. காய்ச்சக்காரப் பிள்ள நெத்தி மாதிரி இருக்கு."

டைனமோ சுட்டது. முந்தின நாள் சாயங்காலம் நிறுத்திய கார். என்ஜின் பனி இரும்பாகக் குளிர்ந்து கிடந்தது. அதன் பக்கத்தில் இது மட்டும் இளஞ்சூடாக, அந்த வார்னிஷ் வாசத்தோடு, இரவு முழுக்க யாருக்கும் தெரியாமல் எதையோ செய்துகொண்டிருந்ததுபோல. விஷயம் பிடிபட்டதே என்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ அதன் பக்கத்தில் நிற்கவே பிடிக்கவில்லை. அவள் கையைப் பிடித்து வண்டியிலிருந்து விலக்கினேன்.

வீட்டுக்கு வந்த பட்டறைக்காரன் பூனைக் கதையைக் கேட்டு முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, பானட்டுக்குள் இருந்த சின்னக் கறுப்புப் பெட்டியின் மூடியைக் கழற்றினான்.

"இதுதான் கட்-அவுட்டு. என்ஜின் ஓடயில டைனமோவுல இருந்து பேட்டரிக்குக் கரண்டு போகும். என்ஜின் நின்னதும் இது வெலகி அந்த வழிய அடைக்கணும். உன்னோடது தீஞ்சுபோயி, சில நாளு வெலகாம ஒட்டிக்கிடுது. பேட்டரியில ஏறுன கரண்டெல்லாம் ராத்திரி பூரா திரும்பி டைனமோவுக்குள்ள போயிச் சூடாவே செத்துப்போகுது. பூனைக்கு என்ன, மார்கழிக் குளுருக்கு மெத்த."

வேறொரு பழைய வண்டியில் கழற்றியதைக் கொண்டுவந்து மாட்டினான்.

"இனிமே சரியாயிருமா?"

"ஏலே, நான் மெக்கானிக்கு. குறி கேக்கணும்னா கோயில் வாசல்ல போயி உக்காரு." என் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் இறங்கினான். "பயமா இருந்தா ராத்திரிக்குப் பேட்டரியில ஒரு வயரக் கழட்டி வச்சிரு. விடிஞ்சதும் மாட்டு. கரண்டு எங்கிட்டும் போகாது."

கார் அதன்பிறகு ஒரு விடியலிலும் ஏமாற்றவில்லை. ஆனால் எனக்குள்ளும் ஒரு கட்-அவுட்டு ஒட்டிக்கொண்டது போலிருக்கிறது, பயம் விலகவில்லை. வயரைக் கழற்றினால், வலி வரும் நேரத்தில் இருட்டில் ஸ்பேனரைத் தேடி மாட்ட வேண்டும். கழற்றாமல் விட்டால் வடிந்துவிடுமோ என்று நினைப்பு. கழற்றிவிட்டுப் படுப்பேன். எழுந்துபோய் மாட்டுவேன். மறுபடி கழற்றுவேன்.

வளைகாப்பு முடிந்தால் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அவள் தாய்வீடு நரிக்குடிக்கும் அந்தப் பக்கம். ஆசுபத்திரிக்கு எங்கள் வீடே தூரம். முறை அவளை இன்னும் தூரத்துக்குக் கொண்டுபோனது. இங்கேயே இருக்கட்டும் என்றேன். ஊர் என்ன சொல்லும் என்றார்கள் இரண்டு வீட்டிலும். கடைசியில் நான் ஜெயித்தது ஒன்றில்தான்: காரும் அவளோடு போனது. டிராக்டர் ஓட்டிப் பழகிய மாமனார் காரும் ஓட்டுவார்.

பிறகு நடந்ததெல்லாம் இப்போது எனக்குத் தெரியும். ஒரு பகல் பொழுதில் வலி கண்டது, கார் முதல் திருப்பிலேயே எழுந்தது, பிள்ளை கத்திக்கொண்டு பிறந்தது. அவளை விட்டுவிட்டு வந்த அந்தச் சாயங்காலத்தில் எதுவும் தெரியாது.

மாமனாருக்கு வயர் கழற்றுவதை மூன்றாம் தடவை காட்டினேன். ஸ்பேனரை சீட்டுக்கு அடியில் வைத்தேன். எடுத்து மறுபடி வைத்தேன்.

"மாப்பிள்ள, எனக்குப் புரிஞ்சிருச்சு. இன்னொரு தடவ காட்டுனீகன்னா மறந்துரும்," என்றார் அவர்.

பஸ் நிற்கும் புளியமரம் வரை அவள் கூட வந்தாள். நான் வழிநெடுக வண்டியைப் பற்றியே பேசினேன். காலையில் சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிகிறதா என்று பார்க்கச் சொன்னேன், மங்கலாகத் தெரிந்தால் உடனே எங்கள் வத்தல் கடைக்குப் போன் போடச் சொன்னேன். பஸ் தூசியோடு வந்து நின்றது. படியில் கால் வைத்தேன்.

"ஏங்க," என்றாள். "எனக்குப் பயமா இருக்கு."

அந்த வார்த்தையை இத்தனை மாதத்தில் நாங்கள் ஒருவருக்கொருவர் சொன்னதே இல்லை. கண்டக்டர் விசில் ஊதிவிட்டார்.

"எனக்குந்தான்," என்றேன்.

அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. நகரும் ஜன்னலோடு நாலு எட்டு நடந்து வந்தாள்.

"அப்பச் சரி. எனக்கு மட்டுந்தானோன்னு இருந்துச்சு."