விழுங்க முடியாத வாயால் சொன்ன நன்றி

ஒரு வாய்த் தண்ணீர் குடித்தேன். அது மூக்கு வழியாக வெளியே வந்தது. என் சோதனை அப்படித்தான் ஆரம்பித்தது.

என் பெயர் ஜரீனா. கேளம்பாக்கத்தில், கோவளம் ரோட்டு முனையில் எனக்கு ஒரு நாஸ்தா கடை இருக்கிறது. இட்லி, தோசை, பொங்கல், பூரி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆப்பமும் பாயாவும். கணவர் சலீம் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். மகள் அஃப்ரின் அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வருடமாக விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு ஷட்டரைத் தூக்குகிற கை என்னுடையது. உடம்புக்கு முடியவில்லை என்று நான் ஒரு நாள் படுத்ததில்லை.

ஐப்பசி மாதம். மழை விட்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலை. சாம்பார் வாளியோடு நின்றுகொண்டிருந்தேன். தரை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் குடித்தேன், அது மூக்கில் வந்தது. பிறகு விக்கல். நிற்காத விக்கல். சலீமைக் கூப்பிட வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

செங்கல்பட்டில் ஒரு பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். மூளையின் அடிப்பக்கத்தில் சின்ன ரத்தக்குழாய் ஒன்று அடைத்துக்கொண்டது என்றார்கள். பக்கவாதம்தான். ஆனால் கை இழுக்கவில்லை, கால் இழுக்கவில்லை. விழுங்குகிற நரம்பு போய்விட்டது. டாக்டர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். நாம் விழுங்கும்போது மூச்சுக்குழாய் மூடிக்கொள்ளுமாம், சாப்பாட்டுக்குழாய் திறக்குமாம். எனக்கு இரண்டும் நடக்கவில்லை. வாயில் எதைப் போட்டாலும் நுரையீரலுக்குள் இறங்கிவிடும், அது உயிருக்கே ஆபத்து, ஆகவே ஒரு சொட்டுகூட வாயால் கூடாது என்றார். எப்போது திரும்பும் என்று சலீம் கேட்டார். திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார் டாக்டர். அவர் எங்களிடம் பொய் சொல்லவில்லை. அதற்காக இன்றும் அவருக்கு துஆ செய்கிறேன்.

மூக்கில் குழாயோடு வீட்டுக்கு வந்தேன். கேழ்வரகுக் கஞ்சியையும் பருப்புத் தண்ணீரையும் வடிகட்டி, பெரிய சிரிஞ்சில் ஏற்றி, அந்தக் குழாய் வழியாக விடவேண்டும். சலீம் கற்றுக்கொண்டார். கியர் போடுகிற கை, எனக்குச் சோறு ஊட்டுவதற்குப் பதிலாக சிரிஞ்சை அழுத்தியது. வயிறு நிறையும். வாய்க்கு ஒன்றும் தெரியாது. எச்சிலைக்கூட விழுங்க முடியாது என்பதால் பக்கத்தில் ஒரு குவளை. நாள் முழுவதும் அதில் துப்பிக்கொண்டிருப்பேன். ஊருக்கெல்லாம் பரிமாறியவள் நான். அந்தக் குவளையோடு என்னை யாராவது பார்த்தால் சுவர் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

ஒரு நாள் மத்தியான லுஹர் தொழ, கை முகம் கழுவுகிற உளூ செய்தேன். பழக்கத்தில் வாய் கொப்பளிக்கத் தண்ணீர் எடுத்துவிட்டேன். அது நழுவி உள்ளே போனது. மூச்சு நின்றது. அஃப்ரின் முதுகில் அடித்து அடித்து என்னைத் திருப்பிக் கொண்டுவந்தாள். வாய் கொப்பளிக்க வேண்டாம், உங்கள் நிலையில் அது குற்றமில்லை என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்லியனுப்பினார். ஆனால் எனக்கு மனம் விட்டுப்போயிருந்தது. தொழப் போனால்கூட சாகவேண்டுமா? ஐந்து நாள் நான் தொழவில்லை. அதை இங்கே மறைக்கப்போவதில்லை. தொழுகைப் பாயைச் சுருட்டி பீரோவுக்குப் பின்னால் வைத்துவிட்டேன்.

அந்த ஐந்தாம் நாள் மத்தியானம் பாத்திமா அக்கா வந்தார். என் கணவரின் மூத்த சகோதரி, படூரில் இருக்கிறார். என்னைப் பார்த்ததும் அழுதார். மையித்து கிடக்கிற வீட்டில் அழுவதுபோல அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

“உனக்கு எப்பவும் வாய் ஜாஸ்தி டீ. அதான் அல்லாஹ் தொண்டையில கை வெச்சுட்டான். கடைய மூடிட்டு வூட்டோட பொறுத்துக்கினு சபூரா இரு. இன்னும் இன்னா இருக்குது உனக்கு?”

அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அது எனக்கு இன்று தெரியும். அன்று எனக்கு உடம்பெல்லாம் சூடாக ஏறியது. அத்தனை நாள் பயத்தோடு கிடந்தவளுக்கு முதல்முறையாகக் கோபம் வந்தது. இன்னும் என்ன இருக்கிறது என்றா கேட்கிறீர்கள்?

அவர் போனதும் பாயை எடுத்து விரித்தேன். அஸர் தொழுதேன். கையேந்தினேன். கேட்பதற்கு வார்த்தை இல்லை. கேட்டுக் கேட்டு அலுத்திருந்தது. சமையலறையில் அஃப்ரின் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அந்தக் காரம் என் கண் வரைக்கும் வந்தது.

யா அல்லாஹ், வெங்காயம் என் கண்ணைக் கரிக்கிறது, அல்ஹம்துலில்லாஹ் என்றேன். ஏந்தின கை நடுங்காமல் நிற்கிறது, அல்ஹம்துலில்லாஹ். என் மகள் வெங்காயத்தைக் கன்னாபின்னாவென்று நறுக்குகிறாள், சத்தத்தை வைத்தே எனக்கு அது தெரிகிறது, அல்ஹம்துலில்லாஹ்.

காற்றும் சளியுமான குரலில் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். பணிவாகச் சொன்னேன் என்று யாரும் நினைக்கவேண்டாம். இன்னும் என்ன இருக்கிறது என்று கேட்டவருக்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னேன். என்னிடம் மிச்சம் இருப்பதை ஒவ்வொன்றாக எடுத்து ரப்பின் முன்னால் வைத்தேன். சொல்லி முடித்தபோது ஒன்று புரிந்தது. ஐந்து நாள் கழித்து நான் அவனோடு பேசியிருந்தேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் மூன்று நன்றி. நானே சட்டம் போட்டுக்கொண்டேன். சின்ன விஷயமாக இருக்கவேண்டும். இன்று நடந்ததாக இருக்கவேண்டும். நேற்றுச் சொன்னதைத் திரும்பச் சொல்லக்கூடாது. தெருக்குழாயில் தண்ணீர் வந்தது. விக்கல் இன்று வரவில்லை. தலைகாணி உறை காய்ந்துவிட்டது. மிக்ஸி ஒரே தடவையில் ஓடியது. சில நாள் மூன்றாவது கிடைக்காது. பாயிலேயே உட்கார்ந்து தேடுவேன். தேடும்போது வீட்டையே புதிதாகப் பார்ப்பேன். ஜன்னல் கம்பியில் துரு இருந்தது, வெயில் பட்டால் அது சிவப்பாகத் தெரிந்தது. அதைக்கூடச் சொன்னேன்.

மூன்றாவது வாரம் கடையைத் திறந்தேன். கன்னத்தில் பிளாஸ்டர், மூக்கில் குழாய், இடுப்பில் ஏப்ரன். ருசி பார்க்க முடியாது. நாக்கு நுனியில் தொட்டுத் துப்பத்தான் முடியும். சலீமைப் பார்க்கச் சொன்னால் எதைக் கொடுத்தாலும் நல்லாதான் கீது என்பார். உப்பே போடாத சாம்பாருக்கும் அதையேதான் சொன்னார். வாடிக்கையாளர் ஒருவர் சலீமைத் தனியாகக் கூப்பிட்டு, அந்த அம்மாவை உள்ளே உட்கார வையுங்கள், குழாயைப் பார்த்தால் சாப்பிட மனசு வரவில்லை என்றாராம். சலீம் தயங்கித் தயங்கி என்னிடம் சொன்னார். மறுநாள் தோசைக்கல்லை வாசலுக்கே இழுத்துப் போட்டேன். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். சிலர் வருவதை நிறுத்தினார்கள். வந்தவர்களுக்குச் சூடாகப் போட்டேன். அன்று லுஹருக்குப் பிறகு சொன்ன முதல் நன்றி, தோசைக்கல்லுக்காக.

புதன்கிழமைதோறும் செங்கல்பட்டுக்குப் போவேன். விழுங்கப் பயிற்சி கொடுக்கிற பெண், பெயர் கல்பனா, செய்யூர்ப் பக்கம். என் வயதில் பாதிதான் இருக்கும். நாக்கு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு விழுங்கப் பார்க்கவேண்டும். மல்லாக்கப் படுத்துத் தலையை மட்டும் தூக்கிக் கால்விரலைப் பார்க்கவேண்டும். பஸ்ஸில் போகும்போதும் செய்தேன், மாவு அரைக்கும்போதும் செய்தேன். மாதம் மூன்று போனது. தொண்டை அசையவில்லை. மூக்குக் குழாயை இப்படியே வைத்திருக்க முடியாது, வயிற்றில் ஓட்டை போட்டு நேராகக் குழாய் வைத்துவிடலாம் என்றார்கள். அதற்கு நாளும் குறித்தார்கள். நல்லதுக்குத்தான் சொன்னார்கள். ஆனால் என் வாயைப் பூட்டிச் சாவியைத் தூக்கி எறிவதுபோல இருந்தது எனக்கு.

ரமலான் பிறந்தது. வீட்டில் எல்லோருக்கும் நோன்பு. எனக்கு இல்லை. பாத்திமா அக்கா வந்து, நோயாளிக்குச் சலுகை இருக்கிறது, அடுப்பங்கரைப் பக்கமே வராதே என்றார். நான் கேட்கவில்லை. நோன்புக் கஞ்சியை நான்தான் காய்ச்சினேன். மஃரிப் பாங்கு சொன்னதும் மகள் பேரீச்சம்பழத்தைக் கடித்துத் தண்ணீர் குடித்தாள். அவள் தொண்டை ஏறி இறங்கியதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்குப் பொறாமை. பெற்ற மகள்மேல் பொறாமை.

அந்த மஃரிப் தொழுகையில் ஸுஜூதில் இருந்து எழவே இல்லை. நெற்றி பாயில் இருந்தது. தமிழில்தான் பேசினேன்.

“யா ரப்பே, தினமும் நன்றி சொல்லிக்கினு கீறேன். அத நிறுத்த மாட்டேன். நீ இல்லன்னு சொன்னாலும் நாளைக்கும் சொல்வேன். ஆனா கேக்காம மட்டும் இருக்க மாட்டேன். ஒரு வாய் குடு. என் தொண்டையால ஒரே ஒரு வாய்.”

அடுத்த புதன்கிழமை கல்பனாவுக்கு ஒரு டப்பாவில் நோன்புக் கஞ்சி கொண்டுபோனேன். போன வாரம் அந்தப் பெண் ஆசைப்பட்டுக் கேட்டிருந்தாள். வழக்கம்போல என் தொண்டையில் விரல் வைத்து, விழுங்குங்க அக்கா என்றாள். முயன்றேன். அவள் முகம் மாறியது. இன்னொரு தடவை என்றாள். மறுபடி முயன்றேன். எழுந்துபோய் டாக்டரைக் கூட்டிவந்தாள். இருவரும் விரல் வைத்துப் பார்த்தார்கள். தொண்டை கொஞ்சம் மேலே ஏறுகிறது என்றார்கள். தண்ணீர் வேண்டாம், அது வேகமாக ஓடிவிடும். கெட்டியாக, வழவழவென்று ஏதாவது வைத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர்.

கல்பனா என் டப்பாவைப் பார்த்தாள். “இதையே பாக்கலாமா அக்கா?”

கஞ்சியை வடிகட்டி, திப்பி இல்லாமல் மசித்து எடுத்தாள். கரண்டி முனையில் கால்வாசி. தலையை இடது பக்கம் திருப்பி, முகவாயை மார்போடு ஒட்டி, பலம் முழுவதையும் சேர்த்து விழுங்கச் சொன்னாள். பிஸ்மில்லாஹ் சொல்லி வாயை மூடினேன். இருமல் வந்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. போதும், அடுத்த வாரம் பார்க்கலாம் என்றாள். நான் தலையை ஆட்டினேன். முடியாது. இன்னொன்று வை என்று விரலால் காட்டினேன். டாக்டரைப் பார்த்தாள். அவர் சரி என்றார்.

இரண்டாவது கரண்டி. பூண்டும் வெந்தயமும் நாக்கில் பரவின. தலையைத் திருப்பினேன். அழுத்தினேன். உள்ளே ஏதோ ஒரு கதவு கிறீச்சென்று கொஞ்சமே கொஞ்சம் திறந்ததுபோல இருந்தது.

“போச்சு அக்கா,” என்றாள் கல்பனா. “கீழ போச்சு.”

இருமல் வரவில்லை. அந்தப் பெண் அழுதுவிட்டாள். நான் அழவில்லை. அடுத்த கரண்டிக்கு வாயைத் திறந்தேன்.

வயிற்று ஆபரேஷனைத் தள்ளிவைத்தார்கள், பிறகு வேண்டாம் என்றே எழுதிவிட்டார்கள். பெருநாள் கழிந்து ஏழாவது வாரம் மூக்குக் குழாயை எடுத்தார்கள். கடைசியாகத்தான் தண்ணீர் வந்தது. இன்றும் தலையைத் திருப்பித்தான் குடிக்கிறேன். குரல் பாதிதான் திரும்பியிருக்கிறது. வேகமாகச் சாப்பிட்டால் புரையேறும்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பயிற்சி அறையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவருக்கு விழுங்குவது திரும்பவில்லை. என்னைவிட நல்லவர், என்னைவிட அதிகம் கேட்டவர். ஏன் எனக்கு, ஏன் அவருக்கு இல்லை என்று எனக்குத் தெரியாது. அல்லாஹ்வுக்குத் தெரியும். நன்றி சொன்னதற்குக் கூலியாகத் தொண்டை கிடைத்தது என்று யாராவது கணக்குப் போட்டால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கேட்டேன், கொடுத்தான். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஆனால் அவன் கொடுப்பதற்கு முன்பே அந்த மூன்று நன்றிகள் என்னைச் சுவர் பக்கத்திலிருந்து திருப்பிவிட்டன. அது உறுதி.

போன மாதம் பாத்திமா அக்கா கடைக்கு வந்தார். பொங்கல் வைத்தேன். சாப்பிடாமல் பிசைந்துகொண்டிருந்தார். உன் சபூருக்கு அல்லாஹ் கொடுத்தான் என்றார். நான் எங்கே அக்கா சபூராக இருந்தேன், தொழுகைக்குத் தொழுகை மூன்று நன்றி சொல்லிச் சண்டைதானே போட்டேன் என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அவருக்குக் கண்பார்வை மங்கிக்கொண்டே வருகிறதாம். சர்க்கரையாம். யாரிடமும் சொல்லவில்லையாம். தலையைத் தூக்காமலே கேட்டார்:

“அந்த மூணு, எப்படி டீ ஆரம்பிக்கிறது?”

நான் தோசைக்கல் அடுப்பை அணைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இப்போ கண்ணுக்கு என்ன தெரிகிறது என்று கேட்டேன். ஆவி தெரிகிறது என்றார். பொங்கலில் இருந்து எழும்புகிற ஆவி. அதைச் சொல்லுங்கள் அக்கா என்றேன். சொன்னார். அழுதுகொண்டே சொன்னார். மறுநாள் அவரைக் கண் டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன். வைத்தியம் நடக்கிறது. துஆவும் நடக்கிறது.

இதைப் படிக்கிற சகோதரிகளே, உங்களில் யாராவது பாயைச் சுருட்டி ஒளித்துவைத்திருந்தால் அதை இன்றைக்கு எடுங்கள். பெரிய வார்த்தை வேண்டாம். இன்று உங்களிடம் மிச்சம் இருப்பதில் மூன்றை மட்டும் பெயர் சொல்லி அவன் முன்னால் வையுங்கள். மனசு நிறைந்து சொல்லத் தேவையில்லை. கோபமாக இருந்தால் கோபத்தோடு சொல்லுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லுங்கள். பிறகு வேண்டியதைக் கூச்சமில்லாமல் கேளுங்கள். கரகரத்த குரலையும் அவன் தள்ளுவதில்லை. என்னுடையதைக் கேட்டான்.