வாசத்துக்கு ஒரு கரண்டி புங்க எண்ணெய்

எமர்ஜென்சி போட்ட வருஷம் நான் செஞ்ச காரியம், இன்னைக்கு மன்னவனூர் பஸ்ல திரும்ப வந்து நின்னுச்சு.

பக்கத்துல இருந்தவர் போனைப் பார்த்துட்டு, "புங்கங்கொட்டை எண்ணெயில வண்டி ஓடப்போகுதாம், பெரியவரே"ன்னார்.

"மலைக்குளிருக்கு ஓடாது"ன்னேன்.

"நீங்க என்னத்தக் கண்டீங்க?"ன்னு சிரிச்சார்.

கண்டவன் நான்தான். அப்போ எங்க பள்ளங்கி ஊரு வாத்தியார், டீசலுக்குப் பதிலா புங்க எண்ணெயைப் பக்குவம் பண்ணி, தண்ணி இறைக்கிற எஞ்சினை ஓட்டிக் காட்டுறேன்னு ஊரைக் கூட்டிட்டார்.

அன்னைக்கு வெள்ளனே எஞ்சின்கிட்டப் போய்ப் பார்த்தா, எண்ணெய் நெய்யாட்டம் உறைஞ்சு கெடக்கு. மனுசன் தலைகுனியக் கூடாதேன்னு அதை வழிச்சுக் கொட்டிட்டு டீசலை ஊத்தினேன். வாசத்துக்கு மட்டும் ஒரு கரண்டி புங்க எண்ணெய்.

எஞ்சின் ஓடுச்சு. வாத்தியார் கண் கலங்கிட்டார். அதை நம்பி வேலையை விட்டுட்டு எண்ணெய்ச் செக்குப் போட்டார். அடுத்த மார்கழியில அந்த எண்ணெயை ஊத்தின ஒரு எஞ்சினும் கிளம்பல.

"அன்னைக்கு ஓடுச்சே, நீ பார்த்தேல்ல?"ன்னு சாகுறவரைக்கும் என்கிட்ட கேட்டார்.

"ஆமாங்க"ன்னேன்.

எனக்கு எழுத்து தெரியாது. நேர்ல சொல்லவும் நாக்கு எழல. அதான் போனுகிட்டச் சொல்றேன், அது எழுதிக்கிடுது. பள்ளங்கிப் பக்கம் போறவங்க யாராச்சும் இதைப் படிச்சுக் காட்டுங்க. அன்னைக்குக் கைதட்டினவங்கள்ல உசுரோட இருக்கிறது வாத்தியார் சம்சாரம் ரோசம்மா மட்டுந்தான்.