ட்ரையருக்காக அம்மா போட்ட சத்தம்

நான் வேலை செய்வது கனடாவில், மாக்கத்தில் ஒரு அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில். கன்வேயர் பெல்ட் நின்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். காலை ஆறரைக்கு இரும்பு முனை வைத்த சப்பாத்தைப் போட்டால் மூன்று மணிக்குத்தான் கழற்றுவேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பதினைந்து வருடங்களாக இண்டஸ்ட்ரியல் இசை விழாக்களுக்குப் போய்வருகிறேன். அங்கே தொழிற்சாலைக்குள் கால் வைத்த ஆட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். என் சப்பாத்தைப் பார்த்து, "எந்தக் கடையில் வாங்கினாய், இவ்வளவு நன்றாகப் பழசாக்கியிருக்கிறார்களே" என்று கேட்டவர்கள் உண்டு. கறை உண்மையான எண்ணெய்க் கறை என்றால் சிரிப்பார்கள்.

அது என்ன இசை என்று சொந்தக்காரர்கள் கேட்டால் எனக்கு வாய் குழறும். இரும்புத் தகட்டில் அடிக்கிற சத்தம், மோட்டார், சைரன், ரேடியோ இரைச்சல், எங்கேயோ பதிந்த மனிதக் குரல், இவற்றை எல்லாம் வெட்டி ஒட்டி, மிசின் மாதிரித் திரும்பத் திரும்ப வரும் தாளத்தில் ஏற்றுவது. அவ்வளவுதான். எட்டு மணி நேரம் என்னை ஆட்டிவைக்கிற சத்தத்தை வீட்டுக்கு வந்து நான் ஆட்டிவைப்பதில் ஒரு திருப்தி. அதைச் சொன்னால் பாவமாகப் பார்க்கிறார்கள், அதனால் இப்போது சொல்வதில்லை.

அங்கே வருகிற கூட்டம் பார்க்கத்தான் பயங்கரம். கறுப்பு உடுப்பு, பாதி மழித்த தலை, முகத்தில் காஸ் மாஸ்க். பழகிப் பார்த்தால் முக்கால்வாசிப் பேர் பூனை வளர்ப்பவர்கள், உங்களுக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள். ஆனால் சிலர் ராணுவத்தார்போலப் போட்டுவருகிற ஆமி உடுப்பு மட்டும் எனக்கு இன்றுவரை ஒத்துவரவில்லை. அந்தப் பச்சைப் புள்ளிக் காற்சட்டையோடு ஒருவன் பின்னால் வந்து நின்றால் என் முதுகு தானாக நிமிரும். அவனோ பியர் வாங்க வரிசையில் நிற்பான். எனக்கு அவன்மீதும் எரிச்சல் வரும், என்மீதும் வரும்.

அம்மா அஜின்கோர்ட்டில் தனியாக இருக்கிறார். நான் கறுப்பில் வெளிக்கிட்டால் ஒவ்வொரு முறையும் ஒரே கேள்விதான்.

"ஆரின்ரை செத்தவீட்டுக்கடா?"

என் கூட்டாளி ஒரு வெள்ளைக்காரன். கம்பனிகளுக்கு வெப்சைட் செய்து கொடுப்பது அவன் தொழில். எங்கள் குழு என்பது நாங்கள் இரண்டு பேர்தான். இரும்பைத் தட்டுவதும் சத்தங்களைப் பிடித்துக்கொண்டு வருவதும் நான். அவற்றைக் கணினியில் அடுக்குவது அவன். ஒவ்வொரு கோடையிலும் இங்கே நடக்கிற விழா ஒன்றில் வாசிக்க எட்டு வருடம் விண்ணப்பித்தோம். எட்டு வருடமும் மன்னிப்புக் கேட்டு ஈமெயில் வந்தது. போன கோடை விழாவுக்குத்தான் இடம் கிடைத்தது: சனிக்கிழமை பின்னேரம் நாலு மணி, சின்ன மேடை, நாற்பது நிமிடம். அந்த ஈமெயிலை நான் வேலைத்தளத்துக் கழிவறையில் இருந்து மூன்று தரம் வாசித்தேன்.

புதுச் சத்தம் வேண்டும் என்றான் கூட்டாளி. நான் இருப்பது ஒரு சின்னக் கொண்டோ, அடுக்குமாடி வீடு. அங்கே ஆணி அடித்தாலே புகார்க் கடிதம் வரும். அதனால் என் சாமான்கள் எல்லாம் அம்மா வீட்டு நிலக்கீழ் அறையில், பேஸ்மென்ற்றில்தான். இன்னும் குளிர் விடாத ஒரு சனிக்கிழமை, அம்மா கடைக்குப் போயிருந்த நேரம், அவருடைய துணி காயவைக்கும் ட்ரையருக்குள் ஒரு கைப்பிடி போல்ட்டுகளும் ஒரு சங்கிலித் துண்டும் போட்டு ஓடவிட்டேன். ஒரு மைக்கைத் தகட்டில் ஒட்டினேன், இன்னொன்றைப் படிக்கட்டுப் பக்கம் வைத்தேன். அருமையான சத்தம். நான் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்ததில் அம்மா திரும்பி வந்ததைக் கவனிக்கவில்லை.

"ஐயோ! ஐயோ! என்னத்தையடா உள்ளுக்கை போட்டனீ? போச்சு! எல்லாம் போச்சு! ஆசைப்பட்டு வாங்கினதெல்லேடா! இனி இந்தக் குளிருக்கை ஈரத் துணியோடை நான் எங்கை போவன்?"

படியில் நின்று அம்மா ஒரு நிமிடத்துக்கு மேல் கத்தினார். குரல் கீழே இருந்து ஏறி மேலே போய் உடைந்தது. போல்ட்டுகளை எடுத்துக் காட்டி, மன்னிப்புக் கேட்டு, மிசின் ஓடுகிறது என்று நிரூபித்த பிறகுதான் தேத்தண்ணி தந்தார்.

அன்றிரவு ரெக்கோர்டிங்கை அப்படியே கூட்டாளிக்கு அனுப்பினேன். அம்மாவின் பகுதியை வெட்டியிருக்கவேண்டும். பஞ்சியில், வெறும் சோம்பலில், வெட்டவில்லை. இந்த விசயத்தில் முதல் பிழை என்னுடையது.

அடுத்த ஒத்திகையில் அவன் அதைப் போட்டான். அம்மாவின் குரலை இழுத்து, நீட்டி, ஆழக் கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல ஆக்கியிருந்தான். "எல்லாம் போச்சு" என்பது மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. அடியில் ட்ரையர் உருண்டது. பன்னிரண்டு நிமிடம். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு மயிர் கூச்செறிந்தது. என்ன சொல்கிறார் என்று கேட்டான். "ட்ரையர் உடைந்துவிட்டது என்று ஏசுகிறார்" என்றேன். அவனும் சிரித்தான். அதையே கடைசி உருப்படியாக வைப்போம் என்றான். நானும் சரி என்றேன்.

விழா நகரத்தின் மேற்கில், பார்க்டேலுக்கு அப்பால், தண்டவாளத்தை ஒட்டிய ஒரு பழைய தொழிற்சாலைக் கட்டடத்தில். கனடாவுக்கு வந்த புதிதில் நாங்கள் இருந்த அப்பார்ட்மென்ற் அங்கிருந்து நாலு பஸ் ஸ்ரொப் தூரம். ஆடி வெயிலில் ஆட்களின் கண்மை கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தது. மூன்று மணியளவில் ரீசேர்ட் சட்டை விற்கிற மேசையில் நிகழ்ச்சித் தாள் ஒன்றை எடுத்தேன். எங்கள் குழுவின் பெயருக்குக் கீழே நாலு வரி. கடைசி உருப்படியில் ஒலிப்பது இலங்கைப் போரில் தன் மகனைப் பறிகொடுத்த ஒரு தாயின் ஒப்பாரி என்று எழுதியிருந்தது.

திரும்பவும் வாசித்தேன். தாளைச் சுருட்டிக்கொண்டு வெளியே போனேன்.

சாமான் இறக்குகிற வாசலில் கூட்டாளியைப் பிடித்தேன். வயர் சுற்றிக்கொண்டு நின்றான்.

"இது என்ன?"

"அறிமுகம். ஏதாவது எழுதி அனுப்பச் சொன்னார்கள்."

"அம்மா ட்ரையருக்குக் கத்தினார். உனக்குத் தெரியும்."

அவன் வயரைக் கீழே வைத்தான். "உன் அண்ணா ஷெல் விழுந்து செத்தவர் என்று நீதானே சொன்னாய்? உன் அம்மாவுக்கு ஒரு மகன் செத்ததுதானே? நான் எழுதியதில் எது பொய்?"

ஒவ்வொன்றாக எடுத்தால் பொய் இல்லைதான். அண்ணா டியூசனுக்குப் போன வழியில் செத்தபோது எனக்கு ஆறு வயது. அதை ஒருநாள் பியர் குடிக்கும்போது அவனிடம் சொல்லியிருந்தேன். அம்மாவோ அண்ணாவின் திவசத்துக்குக் கத்தோலிக்கக் கோயிலில் பூசை ஒப்புக்கொடுப்பதோடு சரி. அதற்கு மேல் அந்தக் கதையை எடுக்கமாட்டார். இரண்டு உண்மைகளை வெட்டி ஒட்டி ஒரு பொய் செய்திருந்தான். அதைத்தானே நாங்கள் எப்போதும் சத்தங்களில் செய்கிறோம்?

"அந்த உருப்படியை எடு" என்றேன்.

"எடுத்தால் பன்னிரண்டு நிமிடம் காலி. எட்டு வருடம் காத்திருந்தது இருபத்தெட்டு நிமிடம் வாசிக்கவா?"

அவனைப் பற்றி இன்றைக்கும் யாரிடமாவது திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் ஒன்றை ஒளிக்கக்கூடாது. அம்மாவின் குரல் அளவை ஏற்றி இறக்குகிற மிக்ஸர் கட்டை மேடையில் என் கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. ஒரு விரலால் கீழே இழுத்திருந்தால் முடிந்திருக்கும். நான் இழுக்கவில்லை. அம்மாவின் குரல் வந்ததும் ஆடிக்கொண்டிருந்த இருநூறு பேரும் நின்றார்கள். சிலர் தலையைக் குனிந்தார்கள். எங்கள் இசையை யாரும் அப்படிக் கேட்டதில்லை. கட்டையைக் கீழே இழுக்கவேண்டிய நான் மேலே தள்ளினேன்.

முடிந்து இறங்கியபோது ஆமிக் காற்சட்டை போட்ட ஒரு பெண் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். அவள் உண்மையாகவே அழுதாள். "அந்த அம்மாவிடம் சொல், நாங்கள் கேட்டோம் என்று" என்றாள். ட்ரையரைப் பற்றி அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். "தாங்க்யூ" என்றேன். என் வாயிலேயே அறையவேண்டும்போல் இருந்தது.

அன்று மாலையே கூட்டாளி அந்த வீடியோவை இணையத்தில் ஏற்றிவிட்டான், அந்த நாலு வரியோடு. எங்கள் கோயில் ஆட்களுக்கு வீடியோ என்றால் வட்ஸப்பில் ஒரு மணித்தியாலம் போதும். வேறு யாரும் காட்டுமுன் நானே காட்டிவிடலாம் என்று மறுநாள் ஞாயிறு பூசை முடிந்த கையோடு அஜின்கோர்ட்டுக்குப் போனேன். அம்மா குசினி மேசையில் கோவாவை, முட்டைக்கோசை, வெட்டிக்கொண்டிருந்தார். போனை முன்னால் வைத்தேன்.

கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு கத்தியை வைத்துவிட்டுச் சிரித்தார்.

"உது நானெல்லே! ட்ரையருக்குக் கத்தினது!"

"ஓம் அம்மா."

"என்னத்துக்கடா உதுகள் எல்லாம் தலையைக் குனிஞ்சுகொண்டு நிக்குதுகள்?"

சொன்னேன். என்ன எழுதியிருந்தது, அதைத் தெரிந்துகொண்டும் நான் வாசித்தது, எல்லாவற்றையும். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன், ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆக்கள் அழுதவையோ?"

"ஓம். ஒரு பிள்ளை அழுதது."

"உன்ரை அண்ணனுக்கு நான் உப்பிடிக் கத்தேல்லையடா" என்றார். "ஆமி றோட்டாலை வந்துகொண்டிருந்தவங்கள். சத்தம் கேட்டா எல்லாரையும் சுடுவாங்கள் எண்டு உன்ரை அப்பர் என்ரை வாயைப் பொத்திப் பிடிச்சவர். பெட்டியும் இல்லை, சாமியாரும் இல்லை. வளவுக்கை குழி தோண்டித் தாட்டுப்போட்டு உன்னையும் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டனாங்கள்." பிறகு போனை என் பக்கம் தள்ளினார். "ட்ரையருக்குக் கத்தினதை அவன்ரை பேரிலை போடாதை. எடுக்கச் சொல்லு."

இத்தனை வருடத்தில் இது எனக்குத் தெரியாது. அந்த மேசையிலிருந்தே கூட்டாளிக்குப் போன் அடித்தேன். எடுக்கச் சொன்னேன். ஆயிரக்கணக்கில் பார்க்கிறார்கள், எங்களைத் தேடி ஆட்கள் எழுதுகிறார்கள் என்றான். கத்தினேன், அவனும் கத்தினான். கடைசியில், "கேட்கிறவனுக்கு அது எந்த அழுகை என்று எப்படித் தெரியும்? அவனுக்கு என்ன வித்தியாசம்?" என்றான்.

அம்மாவுக்கு அது எவ்வளவு விளங்கியதோ தெரியாது. கையை நீட்டினார். போனைக் கொடுத்தேன். கோவா இலை ஒட்டிய கையோடு அதைக் காதில் வைத்து, கோயிலில் வாசகம் வாசிப்பதுபோல நிதானமாகச் சொன்னார்:

"ஹலோ. தட் வன், ட்ரையர். மை சன், ஐ நோ க்ரை. நோ சவுண்ட்."

அம்மா போனைத் திருப்பித் தந்துவிட்டுக் கத்தியை எடுத்தார். வீடியோவை அவன் அன்றைக்கே எடுத்துவிட்டான். அதற்குப் பிறகு நாங்கள் பேசவில்லை. அவன்மீது எனக்கு இருக்கிற கோபம் வேறு, என்மீது இருக்கிற கோபம் வேறு. அம்மா அந்த மூன்று வசனங்களைச் சொல்லி முடித்தபோது எனக்கு முதலில் வந்த நினைப்பு, ஐயோ, இதை ரெக்கோர்ட் பண்ணாமல் விட்டுவிட்டேனே என்பதுதான்.