மேய்க்கால் நிலத்தில் நட்ட கற்கள்

திருவண்ணாமலை தனி மாவட்டமான பிறகு ஊரைச் சுற்றி எங்கு பார்த்தாலும் மனைக் கற்கள் முளைத்தன. எட்டாவதோடு பள்ளியை விட்டுவிட்டு ஊர் ஊராகத் திரிந்த எனக்கு அந்தக் கற்களை நடும் வேலை கிடைத்தது. சிமென்ட் மூட்டைகள் போட்டிருந்த கொட்டகையிலேயே படுத்துக்கொண்டேன்.

கிரிவலப் பாதையை ஒட்டிய ஒரு பொட்டலில் வெள்ளையடித்த கற்களை நட்டுக்கொண்டிருந்தபோது, அங்கே ஆடு மேய்க்கும் அம்மாள் வந்து நின்றார்.

"ஏம்பா, இது மேய்க்கால் பொறம்போக்கு. இங்க வீடு வந்துட்டா ஆட்ட எங்க ஓட்டினு போறது?"

சொன்ன இடத்தில் நடுவதுதான் என் வேலை என்றேன். அது உண்மைதான். ஆனாலும் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

பௌர்ணமிக்கு மறுநாள் காலை போனால், பாதையோரக் கல்லில் மஞ்சளும் குங்குமமும் அப்பியிருந்தன. உச்சியில் கற்பூரக் கரி. மலை சுற்ற வந்தவர்களில் யாரோ ஒருவர் சாமி என்று கும்பிட்டிருக்கிறார், பின்னால் வந்தவர்கள் எல்லோரும் கும்பிட்டுவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. இனி இந்த நிலத்தை விற்க முடியாது, ஆடுகள் தப்பித்தன என்று அந்த அம்மாளிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"சாமின்னு வுட்டா கூரை போடுவாங்க. அப்பறம் தேங்கா கடை, பூக்கடை. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

அன்று வேலையை விட்டேன். நிலத்தின் மூலையில் கிடந்த பழைய சர்வே கல்லின் எண்ணைக் குறித்துக்கொண்டு, கோழிக் கிறுக்கல் எழுத்தில் மனு எழுதினேன். அவர் கைநாட்டு வைத்தார். வேங்கிக்காலில் இருந்த கலெக்டர் ஆபீசுக்குத் திங்கட்கிழமைதோறும் நடந்தோம். நான்காவது வாரம் சர்வேயர் வந்து அளந்தார். பதிவேட்டில் மேய்க்கால் என்றே இருந்தது. கற்களைப் பிடுங்கச் சொல்லிவிட்டார்.

நட்டவனே பிடுங்கினேன். கற்பூரம் ஏற்றிய கல்லைத் தொட மட்டும் எனக்குக் கை வரவில்லை. அந்த அம்மாள்தான் கும்பிட்டுவிட்டுக் கடப்பாரையை வாங்கினார்.

"நீ மலையிலயே இரு சாமி. இங்க எடம் கம்மி."

பல வருஷம் கழித்து அந்தப் பக்கம் போனேன். மூன்று புறமும் மாடி வீடுகள். நடுவே பொட்டல் அப்படியே கிடந்தது. நகர வரைபடத்திலும் அதைத் திறந்தவெளியாகவே குறித்துவிட்டார்களாம். ஆபீஸ் முடிந்து வந்தவர்கள் அங்கே பூப்பந்து ஆடிக்கொண்டிருக்க, வலையைக் கொஞ்சம் தள்ளிக் கட்டச் சொல்லி அந்த அம்மாள் அவர்களை அதட்டிக்கொண்டிருந்தார்.