ஆட்டோ மாலையில் முளைத்த தோட்டம்

வீட்டுக்குப் பின்னால் நின்ற புங்க மரத்தை அப்பா வெட்டியபோது நான் நாலாம் வகுப்பு. மத்தியானத்தில்கூட இருட்டிக் கிடந்த இடத்தில் திடீரென்று வெயில் வந்து உட்கார்ந்துகொண்டது. கிரிவலம் வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட ஒரு ரூம் கட்டத்தான் மரத்தை வெட்டினார்கள். வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும், என்னிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. வெயில் எனக்காகத்தான் வந்திருக்கிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

ஆயுத பூஜைக்கு அப்பாவின் ஆட்டோவுக்குப் போட்ட செண்டுமல்லி மாலை காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றி, பூவைப் பூவாக உதிர்த்து, அந்த வெயில் மண்ணில் தூவினேன். "செத்த பூ மொளைக்குமாடி?" என்று அக்கா சிரித்தாள். முளைத்தது. ஒன்றிரண்டா? பாய் விரித்த மாதிரி முளைத்தது. அப்போது அக்காவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

தீபம் முடிந்து மார்கழி பிறந்த சமயம், செடிகள் மொட்டு வைத்திருந்தன. மேஸ்திரி ஒருவர் டேப்போடு வந்து பாத்திக்கு நடுவே காலை வைத்தார். நான் கத்துவதற்குள் அப்பா சொன்னார்: "இப்ப வேணாங்க மேஸ்திரி. தை பொறக்கட்டும்."

மார்கழியில் யாரும் கட்டட வேலை ஆரம்பிக்க மாட்டார்கள் என்பது ஊருக்கே தெரியும். எனக்குத் தெரியாது. என் பூவுக்காக மேஸ்திரியையே திருப்பி அனுப்பினார் எங்கப்பா என்று வகுப்பில் ஒருத்தி விடாமல் சொல்லிவைத்தேன்.

பொங்கலுக்குப் பூத்துத் தள்ளியது. நானே கட்டிய மாலை, அங்கங்கே நார் தெரிய, ஆட்டோவின் நெற்றியில் ஏறியது. யாரோ விலை கேட்டதற்கு, "கடையில வாங்கலீங்க, எம் பொண்ணு வளத்தது" என்று அப்பா சொன்னதை என் காதால் கேட்டேன். அன்றைக்கு எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

பொங்கல் முடிந்ததும் மேஸ்திரி மறுபடி வந்தார். முளைக்குச்சி அடித்துக் கயிறு கட்டினார். கயிறு நேராக என் பாத்திக்கு நடுவில் போனது. நான் அழவில்லை. செடிகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொண்டேன், அவ்வளவுதான்.

"எழுந்திருடி. ரூம் வந்துட்டா அப்பா பௌர்ணமிக்கு ராத்திரி பூரா முழிச்சி வண்டி ஓட்டத் தேவையில்ல" என்றாள் அம்மா. நான் அசையவில்லை. அப்பா கொஞ்ச நேரம் என்னையும் பூவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கயிற்றைச் சுவர்ப் பக்கம் தள்ளிக் கட்டச் சொன்னார்.

"அப்புறம் ஒரு கட்டிலுக்குத்தாங்க இடம் இருக்கும்" என்றார் மேஸ்திரி.

"பரவால்ல, கட்டுங்க."

அப்படியே கட்டினார்கள். குடும்பமாக வருகிறவர்கள் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, இடம் கம்மி என்று வேறு லாட்ஜ் தேடிப் போவார்கள். எனக்கு அதைப் பற்றி என்ன கவலை? தோட்டம் ஜெயித்துவிட்டது. பூ இருக்கும் நாளெல்லாம் பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஒரு மாலை கட்டிக் கொடுப்பேன். அப்பா அதைப் போட்டுக்கொண்டு கிளம்பி, விடிந்த பிறகு சிவந்த கண்ணோடு வருவார். என் மாலையை ஊர் முழுக்கக் காட்டத்தான் ராத்திரியெல்லாம் சுற்றிவிட்டு வருகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.